மூத்தார் அடைத்த கடன்

என் மாமனாரின் கருமாதி அன்று பா ஊரில் வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் போட்டிருந்த தகர ஷெட்டின் கீழ் தெரு முழுக்க உட்கார்ந்து நங்கோனா குடித்துக்கொண்டிருந்தது. சேறு கரைத்த தண்ணீர் போலிருக்கும் அந்த வேர்ப்பானம் இல்லாமல் ஃபிஜியில் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. அந்த வெயிலில் கறுப்புக் கோட்டு போட்டிருந்த ஒரே மனிதர் என் கணவரின் அண்ணன். முறைப்படி எனக்கு மூத்தார். சிட்னியிலிருந்து வந்திருந்தார். கோட்டைக் கழற்றினால் சிட்னியும் சேர்ந்து கழன்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, சாப்பிடும்போதும் அதைப் போட்டுக்கொண்டேதான் சாப்பிட்டார்.

என் மாமனார் வீட்டு ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கருமாதிச் சாப்பாடு முடிந்ததும் மூத்த மகன் எழுந்து நின்று, "எங்க நைனா யாருக்காவது பாக்கி வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கூட்டத்தில் வயதான ஒருவர், "ஒண்ணுமில்லப்பா, மகராசன் நல்லபடியா போய்ச் சேந்தாரு" என்று பதில் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அத்தோடு சரி. அது ஒரு சடங்கு. உண்மையான கடன்காரர்கள் மறு வாரம் பின்வாசல் பக்கம் வந்து மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். நான் தமிழ்நாட்டிலிருந்து பள்ளிக்கூட வேலைக்கு வந்து, இவரைக் கட்டிக்கொண்டு பாவிலேயே தங்கிவிட்டவள். எனக்கே இந்த வழக்கம் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மூத்தாருக்கு அது சிட்னியில் மறந்துவிட்டது.

அவர் கேட்கவில்லை, அறிவித்தார். "ஹமார் பாப் கே ஏக் சென்ட் கர்ஜா நை ரஹி!" என்று ஃபிஜி இந்தியில் முழங்கினார். அப்பாவின் கடன் ஒரு சென்ட்கூட மிஞ்சாது என்று அர்த்தம். "யாருக்கு எவ்வளவு ஆனாலும் சரி, நான் பொறுப்பு, நாளைக்கே வீட்டுக்கு வாங்க" என்று அதற்கு மேலும் இந்தியில் பேசினார். பதில் சொல்லத் தொண்டையைக் கனைத்துத் தயாராக இருந்த பெரியவர் வாயை மூடிக்கொண்டார். ஷெட்டில் அவரவர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். கருமாதியில் கைதட்டிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

சொன்னபடியே மறுநாள் காலையில் வந்தார்கள். ஊருக்கும் டவுனுக்கும் ஆளேற்றிப் போகும் கேரியர் வண்டி ஓட்டுகிறவர் வந்தார். என் மாமனார் டவுனுக்குப் போய்வந்த கட்டணம் பாக்கியாம். கோயில் கமிட்டியிலிருந்து வந்தார்கள். கோபுர வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். அடுத்து ஆட்டுக்காரர் வந்தார்.

"பெரியவன் சிட்னி போறப்ப விருந்து வெச்சாருல்ல உங்க நைனா, அதுக்கு என்கிட்டதான் கெடா வாங்கினாரு. துட்டு அடுத்த இன்ஸ்டால்மென்ட்ல தர்றேன்னாரு" என்றார்.

இதைப் புரிந்துகொள்ளக் கரும்புப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். ஆலைக்குக் கரும்பு போட்டால் பணம் ஒரேயடியாக வராது. தவணை தவணையாக, அறுவடையெல்லாம் மறந்துபோன பிறகும் வந்துகொண்டிருக்கும். அதனால் எங்கள் ஊரில் கல்யாணம், பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஆடு எல்லாமே அடுத்த இன்ஸ்டால்மென்ட்டை நம்பித்தான் நடக்கும். என் மாமனாரின் நிலம் குத்தகை நிலம். அவர் இறப்பதற்கு முந்தின வருடம் குத்தகை முடிந்து சொந்தக்காரர்களிடம் போய்விட்டது. ஆனாலும் கடைசி வெள்ளாமைக்கு ஒரு தவணை பாக்கி இருந்தது. அது எப்போது வரும் என்பது எங்களைவிட ஊருக்கு நன்றாகத் தெரியும்.

வந்தவர்களுக்கெல்லாம் 'ஆகட்டும்' என்று தலையாட்டிவிட்டு, ஒரு சென்ட்கூட எடுத்துக் கொடுக்காமல், ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் என் மூத்தார் சிட்னிக்குப் பறந்துவிட்டார். போகும்போது நாந்தி விமான நிலையத்தில் என் கணவரின் தோளைத் தட்டி, "எல்லாத்தையும் கொஞ்சம் பாத்துக்கடா. நைனா பேரு கெட்டுடக் கூடாது" என்றார். பொறுப்பு அவருடையது, பார்த்துக்கொள்வது எங்களுடையது. கடன் கொடுத்தவர்கள் இத்தனை பேர் வந்தார்களே, என் மாமனாரிடம் கடன் வாங்கியவர் ஒருத்தராவது வந்தாரா என்றால், வரவில்லை.

உயிலில் என் மாமனார் வீட்டை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாக எழுதிவைத்து, உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டராக என் கணவரைப் போட்டிருந்தார். குத்தகை போன பிறகு எங்களுக்கென்று இருந்தது அந்த வீடும், அது நின்ற கால் ஏக்கர் சொந்த மண்ணும்தான். என் கணவர் ஆலையில் ஃபிட்டர். அரைவை நடக்கும் மாதங்களில் முழுச் சம்பளம், மற்ற மாதங்களில் அரையும் குறையும். அந்த வீடு போனால் நாங்கள் போக வேறு இடம் கிடையாது. சிட்னி, ஆக்லாந்து என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பிய ஊரில் என் கணவரிடம் பாஸ்போர்ட்கூட இல்லை.

வக்கீலிடம் போனோம். அவருடைய ஆபீஸில் பாதி அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. ஃபிஜி இந்தியர் ஒருவர் பிரதமரானது பொறுக்காமல், பாராளுமன்றத்தில் மந்திரிகளைப் பிணைக்கைதிகளாக அடைத்துவைத்த வருடத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் டாக்டரும் வக்கீலும் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கிடைத்தவர்களும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். இவருக்கு வான்கூவருக்கு விசா வந்திருந்தது. தமிழர் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் தமிழில் 'வணக்கம்', 'சாப்பிட்டாச்சா' இரண்டும்தான் வரும். மற்றதெல்லாம் ஆங்கிலம். அதை நான் தமிழில் சொல்கிறேன்.

"இறந்தவரின் கடன் மகனுடைய கடன் இல்லை. எஸ்டேட்டின் கடன், அதாவது அவர் விட்டுப்போன சொத்தின் கடன். எஸ்டேட்டில் இருப்பதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். முதலில் எரித்த செலவு. அடுத்தது எஸ்டேட்டை நடத்தும் செலவு, அதாவது என் ஃபீஸ். அப்புறம் அடமானம் பிடித்திருக்கும் பேங்க். அப்புறம் மற்றவர்கள். மிச்சம் இருந்தால் வாரிசுகள். என் விமானத்துக்கு முன்னால் முடித்துவிடலாம்" என்றார். பிணத்துக்கு அடுத்த இடத்தில் தன்னை வைத்துக்கொண்ட அந்த அழகை நான் ரசித்தேன்.

உயில் செல்லும் என்று கோர்ட் தரும் ப்ரோபேட் கிடைத்தது. கடன் பாக்கி உள்ளவர்கள் இந்தக் கெடுவுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும் என்று பேப்பரில் நோட்டீஸ் போட்டோம். அந்தப் பக்கம் முழுக்க, ஊரை விட்டுப் போகிறோம், கட்டில், பிரிட்ஜ், தையல் மிஷின் மலிவாகக் கிடைக்கும் என்ற விளம்பரங்கள். எங்கள் நோட்டீஸ் ஒரு தையல் மிஷினுக்கும் ஒரு நாய்க்குட்டிக்கும் நடுவில் வந்தது. கெடு முடியும்வரை யாருக்கும் ஒரு சென்ட்கூடக் கொடுக்கக் கூடாது என்று வக்கீல் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

என் கணவர் கொடுத்துவிட்டார். கரும்பின் கடைசித் தவணை எஸ்டேட் கணக்குக்கு வந்த வாரமே எடுத்து, கேரியர்காரருக்கும் கோயிலுக்கும் ஆட்டுக்காரருக்கும் பட்டுவாடா செய்துவிட்டு வந்து நின்றார்.

"வக்கீல் என்ன சொன்னாரு?" என்றேன்.

"அவர் வான்கூவர் போயிடுவாரு. நான் தினமும் அதே கேரியர்லதான வேலைக்குப் போவணும்? அண்ணன் அத்தன பேரு எதிர்ல சொல்லிட்டாரு. எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு ஏறி உக்காருவேன்?"

வாக்குக் கொடுத்தவர் கோட்டோடு விமானம் ஏறிவிட்டார், அந்த வாக்கோடு கேரியரில் போய்வர வேண்டியவர் இவர்தான். கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

கெடு முடிய இருக்கும்போது பேங்கிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி மிகவும் மரியாதையாக உட்காரச் சொன்னார். பேங்கில் மரியாதையாக உட்காரச் சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். என் மூத்தார் குடும்பத்தோடு சிட்னி போவதற்கு முன் பேங்கில் பெரிய கடன் வாங்கியிருக்கிறார். அதற்கு என் மாமனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, வீட்டை ஈடாக வைத்திருக்கிறார். சிட்னி போனவர் இரண்டு தவணை கட்டினார். பிறகு நிறுத்திவிட்டார். அதன் பிறகு கரும்புப் பணத்திலிருந்து வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தது என் மாமனார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அவரும் இல்லை, கரும்பும் இல்லை. வீட்டின் விலையில் ஏறக்குறைய பாதி, பாக்கியாக நின்றது.

அந்த மனிதர் ஏன் கிழிந்த சட்டையோடே திரிந்தார் என்பது எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. கஞ்சம் என்று நானே சொல்லியிருக்கிறேன். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகச் சிட்னிமேல் ஆத்திரம் வந்தது. பெரிய மகன் போகும்போது, "நான் முதல்ல போய் நின்னுக்கறேன், அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டுக்கறேன்" என்றுதான் போனார். எங்களைக் கூப்பிடவில்லை. வருடா வருடம் சிட்னிப் பாலம் போட்ட காலண்டர் மட்டும் வந்தது.

என் கணவர் போன் போட்டார். நான் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"அண்ணே, பேங்க்ல கூப்பிட்டாங்க. நைனா உங்களுக்கு ஜாமீன் போட்டது..."

"தெரியும்டா."

"நீங்கதான நைனா கடன் எல்லாத்தையும் அடைக்கிறேன்னு சொன்னீங்க."

"ஆமாடா, சொன்னேன். நைனா கடன அடைக்கிறேன்னுதான் சொன்னேன். இது நைனா கடன் இல்லியே. என் கடன்."

இதைக் கேட்டு என் கணவர் ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மூத்தார் நிதானமாக விளக்கினார். தன் கடனைத் தன் வசதிப்படி கட்டிக்கொள்வாராம், அதில் அவசரம் ஒன்றும் இல்லையாம். பேங்க் அவசரப்பட்டால் வீட்டை விற்று அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் அவருடைய பாதியை அனுப்பிவைத்தால் போதுமாம். "அங்க இருந்துகிட்டு நீங்க என்னடா பண்ணப் போறீங்க? நாடா அது?" என்று கேட்டுவிட்டு, தனக்கு மீட்டிங் இருப்பதாகப் போனை வைத்தார். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை அவருக்கு. வேலையில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் உழைப்புதான். அதை லாஜிஸ்டிக்ஸ் என்றும் மீட்டிங் என்றும் சொல்லும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வக்கீல் ஆபீஸில் இப்போது மேஜையும் இரண்டு நாற்காலியும்தான் மிச்சம். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் முதல் தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் பேசினார். கடன் வாங்கியவர் மூத்தவர். ஜாமீன்தாரரின் எஸ்டேட் அதை அடைத்தால், அந்தத் தொகையை மூத்தவர் எஸ்டேட்டுக்குத் தர வேண்டியவர் ஆகிறார். எஸ்டேட்டுக்குக் கடன்பட்டவர் அதே எஸ்டேட்டில் பங்கு கேட்டால், கடனைப் பங்கில் கழித்துக்கொள்ள எக்ஸிக்யூட்டருக்கு உரிமை உண்டு. அவருடைய பாதியும் அவருடைய கடனும் கிட்டத்தட்டச் சரியாகப் போய்விடும். என் கணவர் பேங்க் பாக்கியைத் தன் பேரில் மாற்றி எழுதிக்கொண்டால் வீடு முழுவதும் அவருக்கு. மாதாமாதம் கட்ட வேண்டும், கஷ்டம்தான், ஆனால் வீடு நிற்கும். அதற்கு அண்ணனுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும். டைப் அடித்து என் கணவர் முன்னால் வைத்தார்.

இவர் கையெழுத்துப் போடவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"கூடப் பொறந்தவருக்கு எப்பிடி வக்கீல் நோட்டீஸ் அனுப்பறது? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊர்ல பாதிப் பேரு ஏர்போர்ட்ல நிக்கிறாங்க. யாரு உக்காந்து பேசப் போறாங்க?"

"அங்க அவருக்கு வாடகை ஜாஸ்தி. பாவம்."

"நமக்கு இங்க வாடகை இல்ல. ஏன் தெரியுமா? நமக்கு ஒரு வீடு இருக்கு. வித்துட்டா நமக்கும் பாவம் பாக்க யாராச்சும் வருவாங்களா?"

பேசிப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். இவர் சட்டையை மாற்றும்போதெல்லாம் அந்தக் காகிதத்தைப் பழைய பையிலிருந்து எடுத்துப் புதிய பையில் வைத்துக்கொண்டார். வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் வந்து வாசலில் நின்று வீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். இவர்தான் வரச் சொல்லியிருந்தார் என்று தெரிந்தபோது, ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். டிக்கெட்டுக்குப் பணம் எங்கே.

வக்கீல் கிளம்பும் வாரத்தில் மறுபடி கூப்பிட்டார். சிட்னியிலிருந்து ஃபேக்ஸ் வந்திருந்தது. அங்கே யாரோ விவரம் தெரிந்தவரைப் பிடித்து என் மூத்தார் எழுதியிருந்தார். எக்ஸிக்யூட்டர் நோட்டீஸ் கெடு முடியும் முன்பே, எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லாத ஆட்களுக்கு எஸ்டேட் பணத்தைக் கொடுத்திருக்கிறார். கேரியர் கட்டணம், கோயில் கேட் பெயின்ட், ஓர் ஆடு. இவற்றை அவர் கடனாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தொகை முழுவதையும் எக்ஸிக்யூட்டரின் சொந்தப் பங்கில் கழிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். வக்கீல் அதை வாசித்துவிட்டு, "சட்டப்படி அவர் சொல்வது சரிதான். உங்களிடம் ரசீது ஏதாவது உண்டா?" என்று கேட்டார். ஆட்டுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

என் கணவர் ஃபேக்ஸை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"ஆட்டக்கூடவா?"

"ஆமா."

"அவரு போற விருந்துக்கு அடிச்ச ஆடுதான அது? மொத எல எங்க அண்ணனுக்குத்தான் போட்டோம். நான்தான் பரிமாறினேன்."

வீட்டை விற்கச் சொன்னபோது வராத கோபம், நைனா மூன்று வருடம் வட்டி கட்டியதைக் கேட்டு வராத கோபம், அந்த ஆட்டுக்கு வந்தது. சட்டைப்பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். மடிப்பில் எழுத்து கொஞ்சம் அழிந்திருந்தது. வக்கீலிடம் பேனா கேட்டார். பேனாவும் பெட்டிக்குள் போய்விட்டது என்று வக்கீல் தேட, நான் என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் தப்பைச் சுழிக்கும் சிவப்புப் பேனாதான் கையில் அகப்பட்டது. அதிலேயே போட்டார்.

கணக்கு முடிந்தது. ஆட்டுப் பணத்தையும் கேரியர் கட்டணத்தையும் கோயில் பெயின்ட்டையும் இவர் தன் சம்பளத்திலிருந்து எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கட்டினார். பேங்க் பாக்கி இவர் பேருக்கு மாறியது. வீடு நின்றது. தம்பி பூர்வீகச் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டான் என்று என் மூத்தார் சிட்னியில் உள்ள ஃபிஜிக்காரர்களிடம் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார். இங்கே பா ஊரிலோ, கருமாதியில் நின்று சொன்னபடி அப்பாவின் கடனையெல்லாம் அடைத்த தங்கமான பிள்ளை என்று அவருக்கு இன்னமும் பேர். கோயிலில் அந்த கேட்டைக் காட்டி அவரைப் புகழ்ந்ததை நானே கேட்டிருக்கிறேன். "பெயின்ட்டுக்குப் பணம் குடுத்தது என் வீட்டுக்காரர்" என்று நான் சொன்னேன். என்னை வம்புக்காரி என்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

காலண்டர் வருவது நின்றுபோயிற்று. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவருடைய குரலைக் கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது என்றே இருந்தேன். ஆனால் என் கணவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் காலையில் குளித்து, புதுச்சட்டை போட்டு, சிட்னி நம்பரை அழுத்துவார். மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். "வெளிய போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

ஒரு வருடம் எடுத்துவிட்டார்கள். அண்ணன் மகள். இங்கிருந்து போகும்போது சின்னப் பெண், இவர் தோளில் ஏறிக் கரும்பு லாரி பார்த்தவள். ஆங்கிலத்தில் யாரென்று கேட்டாள்.

"சித்தப்பாம்மா. பாவுலேருந்து பேசறேன்" என்றார் இவர். அவளுக்குப் புரியவில்லை என்று ஆங்கிலத்திலும் சொன்னார். சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே யாரிடமோ கேட்டாள். ஆண் குரல் ஒன்று ஏதோ சொன்னது. அவள் மறுபடி வந்து, ஒப்பிப்பது போல் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"உங்களுக்கு ஒண்ணும் பாக்கி இல்லைன்னு அப்பா சொல்லச் சொன்னாங்க."

"தெரியும்மா" என்றார் என் கணவர். "தீபாவளிக்கு உன் குரலக் கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."